பழைய ஜீப் வாட்டர் பம்ப்பில் ஹீட்டர் குழாய்க்கு மரை போடலாமா?

கோத்தகிரிஜீப் | நவம்பர் 9, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1971 மகிந்திரா சிஜே3பி. அதே பழைய ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜின், நாலு சிலிண்டர், 2.2 லிட்டர். டீசல் என்ஜின் மாற்றாமல் இன்னும் வைத்துக்கொண்டிருக்கும் பைத்தியங்களில் நானும் ஒருத்தன்.

டிசம்பர் வந்தால் இங்கே காலை ஆறு மணிக்குக் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்து ஒன்றும் தெரியாது. ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் துணி. போன மாதம் சென்னை புதுப்பேட்டையில், பழைய வண்டிச் சாமான் கடைகளில், ஒரு பழைய ஹீட்டர் பெட்டி கிடைத்தது, வாங்கி வந்துவிட்டேன். என்ஜின் சுடுதண்ணீர் ஹீட்டருக்குப் போகிற பக்கம் சிலிண்டர் ஹெட்டில் இணைப்புக்கு வழி கிடைத்துவிட்டது. அது வாட்டர் பம்ப்புக்குத் திரும்பி வருகிற பக்கம்தான் தலைவலி.

என் வண்டியில் இருப்பது ஒரிஜினல் பம்ப் இல்லை. முன்னாடி வைத்திருந்தவர் மாட்டிய ஏதோ லோக்கல் பம்ப். அதில் ஹீட்டருக்கென்று ஒரு ஸ்டீல் குழாய் அழுத்திச் செருகியிருந்தது. அதற்கு ரப்பர் தொப்பி போட்டு கிளிப் மாட்டி, பல வருடமாக அப்படியே இருந்திருக்கிறது. தொப்பியைக் கழற்றி கட்டிங் பிளேயரால் லேசாக அசைத்தேன். குழாய் பிஸ்கட் மாதிரி கையோடு வந்துவிட்டது. மிச்சத்தைச் சுரண்டி எடுத்ததும் வழவழப்பான ஓட்டை மட்டும்தான் இருக்கிறது, மரை கிடையாது.

அந்த ஓட்டைக்கு மரை போட்டு பித்தளை நிப்பிள் மாட்டலாமா? என்ன சைஸ் டேப் (மரை வெட்டும் கருவி) வாங்க வேண்டும்? பம்ப் பாடி வார்ப்பிரும்பு.

பிளம்பர்மகன் | நவம்பர் 9, இரவு 10.05

இதுக்கு எதுக்கு அண்ணே யோசனை. அரை இஞ்ச் பைப் டேப் விட்டு, அரை இஞ்ச் ஜிஐ நிப்பிளைப் போட்டு, டெஃப்லான் சுற்றி இறுக்கிவிடுங்க. டேப் எங்க வீட்டிலேயே இருக்கு. வேணும்னா பஸ்ஸில் கொடுத்து அனுப்பறேன்.

மதுரை1100 | நவம்பர் 10, காலை 7.15

பிளம்பர்மகன் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். இதே யோசனையில்தான் எங்கள் அப்பாவின் டிராக்டர் பம்ப்பை நான் உடைத்தேன். அதில் ஏற்கெனவே மரை இருந்தது. வீட்டில் கிடந்த அரை இஞ்ச் நிப்பிள் இரண்டு சுற்று அழகாக ஏறியது. அப்புறம் டைட். ஸ்பானருக்குப் பைப் சொருகி இழுத்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓட்டையைச் சுற்றிய புடைப்பில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, பம்ப்பைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகுதான் தெரிந்தது, அது அமெரிக்க மரை, என்பிடி. நம் ஊர் பிளம்பிங் கடையில் கிடைப்பது பிரிட்டிஷ் மரை, பிஎஸ்பி. அரை இஞ்சில் இரண்டுக்குமே இஞ்சுக்கு 14 புரி. அதனால் ஏறுவதுபோல ஏறும். ஆனால் என்பிடி புரியின் கோணம் 60 டிகிரி, பிஎஸ்பி 55. பக்கத்தோடு பக்கம் உட்காராது. கசியும், இல்லையென்றால் உடையும். ஜீப் அமெரிக்க வம்சம். சைஸ் பார்க்கும் முன் எந்த மரை என்று பாருங்கள்.

புதுப்பேட்டைவாசி | நவம்பர் 10, காலை 8.30

மரையே இல்லாத ஓட்டைக்கு அமெரிக்க வம்சம் என்ன, பிரிட்டிஷ் வம்சம் என்ன? போடுகிறவர் எதைப் போடுகிறாரோ அதுதான் வம்சம். 🙂

வேறு பம்ப் வாங்கிவிடுங்கள் சார். இங்கே தேடினால் கிடைக்கும்.

கோத்தகிரிஜீப் | நவம்பர் 10, காலை 9.10

பம்ப் நன்றாக ஓடுகிறது. பேரிங் ஆட்டம் இல்லை, சீல் கசிவில்லை. ஒரு ஓட்டைக்காக மாற்ற மனசு வரவில்லை.

லேத்பட்டறை_கோவை | நவம்பர் 10, மதியம் 1.20

தம்பி, டேப் வாங்குவது கடைசி வேலை. முதலில் வெர்னியர் அளவுகோலை எடுங்கள். மூன்று அளவு வேண்டும். ஓட்டையின் விட்டம், ஓட்டையைச் சுற்றிப் புடைத்து நிற்கிறதே அந்த வார்ப்பின் வெளி விட்டம், அப்புறம் சுவரின் தடிமன். தடிமனை ஒரு இடத்தில் மட்டும் பார்க்காதீர்கள், சுற்றி நாலு இடத்தில் பாருங்கள். வார்ப்பில் ஓட்டை நடுவில் இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

கோத்தகிரிஜீப் | நவம்பர் 10, இரவு 8.50

அளந்துவிட்டேன். ஓட்டை 15.9 மி.மீ. புடைப்பின் வெளி விட்டம் 25.6. சுவர் ஒரு பக்கம் 5.6, எதிர்ப்பக்கம் 4.1. ஐயா சொன்னது சரி, ஓட்டை நடுவில் இல்லை. புடைப்பின் நீளம் 17 மி.மீ. இருக்கும்.

லேத்பட்டறை_கோவை | நவம்பர் 11, காலை 6.45

இதைத்தான் எதிர்பார்த்தேன். 15.9 என்றால் ஐந்தெட்டு (5/8) இஞ்ச் குழாய்க்கான ஓட்டை. மரைக்காகப் போட்டதே இல்லை. இப்போது கணக்கைப் பாருங்கள்.

3/8 பைப் மரை போடலாமா? என்பிடி என்றால் ஓட்டை 14.7 அளவில் இருக்க வேண்டும். பிஎஸ்பியில் புரியின் அடி விட்டமே 14.95தான். உங்கள் ஓட்டை அதைவிடப் பெரிசு. டேப் விட்டால் வாய்ப்பக்கம் பாதி ஆழத்துக்கு ஏதோ கீறும். உள்ளே போகப் போக டேப் கூம்பாகச் சிறுத்துக்கொண்டே போவதால் அதுவும் இருக்காது. பார்த்தால் மரை, மாட்டினால் வழுக்கும்.

அரை இஞ்ச் போடலாமா? என்பிடியில் வெளி விட்டம் 21.3 வரும். உங்கள் ஓட்டையைவிட 5.4 அதிகம், பக்கத்துக்கு 2.7. சுவர் மெலிந்த பக்கம் 4.1. அதில் 2.7 போனால் மிச்சம் 1.4 மி.மீ. அதுவும் வார்ப்பிரும்பு. அதில் கூம்பு மரையை இறுக்குவது என்பது விறகில் ஆப்பு அடிப்பது மாதிரி. பைப் மரை 16க்கு 1 என்ற சரிவில் கூம்பாக இருக்கிறது. அது சீல் ஆவதே சுவரை வெளியே தள்ளித்தான். மதுரைக்காரர் கேட்ட அந்த ‘டக்’ சத்தத்தை நீங்களும் கேட்பீர்கள்.

ஆக 3/8 சின்னது, 1/2 பெரிசு. பைப் மரையை மறந்துவிடுங்கள். நேர் மரை போடுங்கள். எம்18, பிட்ச் 1.5, அதாவது 18 மி.மீ. விட்டம், புரிக்குப் புரி 1.5 மி.மீ. ஓட்டையை 16.5 ஆக்கினால் போதும், இருப்பதிலிருந்து 0.6தான் கூடுதல். மரை போட்ட பிறகும் மெலிந்த பக்கம் மூன்று மி.மீ. சுவர் நிற்கும். நேர் மரை சுவரைத் தள்ளாது. தண்ணீரை நிறுத்துவது மரை இல்லை, நிப்பிளின் நடுவில் தடித்து நிற்கும் காலருக்கு அடியில் வைக்கிற செம்பு வாஷர்.

டேப் கிடைக்குமா என்று பயப்பட வேண்டாம். பழைய கார்களின் பெரிய ஸ்பார்க் பிளக் மரையும் இதே 18க்கு 1.5தான். எந்தப் பழைய பட்டறையிலும் ஒன்று கிடக்கும்.

பிளம்பர்மகன் | நவம்பர் 11, காலை 7.30

ஐயா, கணக்குப் போட்டதும்தான் புரியுது. எங்க வேலையில் சுவர் தடிமன் பார்த்ததே இல்லை, சாக்கெட் எப்பவும் கனமா இருக்கும். டேப் அனுப்பலை.

ஒரு சந்தேகம். செருகியிருந்த மாதிரியே புதுக் குழாயை எபாக்சி வெச்சு ஒட்டிட்டா என்ன?

லேத்பட்டறை_கோவை | நவம்பர் 11, காலை 8.05

செய்யலாம். ஓட்டை வட்டமாக, துருவில்லாமல், பளிச்சென்று இருக்க வேண்டும். குழாயை 15.9க்குச் சற்றுக் கூடுதலாகக் கடைந்து அழுத்தி ஏற்ற வேண்டும். கம்பெனியில் செய்ததும் அதுதானே. ஆனால் இவர் ஓட்டை துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கும். பசையை நம்பி ஒரு ஹோஸ் மாட்டினால், மலைப்பாதையில் அது பிடுங்கிக்கொள்ளும்போது தண்ணீர் மொத்தமும் போய்விடும். எனக்கு அது பிடிக்காது.

சும்மாபடிப்பவன் | நவம்பர் 11, காலை 11.00

பம்ப்பைத் தொடாமல், ரேடியேட்டரின் கீழ் ஹோஸை வெட்டி நடுவில் ஒரு டி (T) இணைப்பு போட்டால் முடிந்ததே?

லேத்பட்டறை_கோவை | நவம்பர் 11, மதியம் 12.15

நல்ல யோசனை. கீழ் ஹோஸும் பம்ப் உறிஞ்சும் பக்கம்தான், தண்ணீர் ஒழுங்காகத் திரும்பும். இடம் இருந்தால் அதையே செய்யச் சொல்வேன், மரை வேலையே வேண்டாம்.

கோத்தகிரிஜீப் | நவம்பர் 11, மாலை 6.30

இடம் இல்லை. கீழ் ஹோஸ் வளைந்து வருகிறது. நேராக இருக்கும் பகுதி நாலு விரல்கூட இல்லை, அதிலும் பாதியைக் கிளிப் பிடித்துக்கொள்கிறது.

எம்18 என்றே முடிவு செய்துவிட்டேன். பம்ப்பைக் கழற்றாமல் வண்டியிலேயே போட முடியுமா? ரேடியேட்டரை எடுத்துவிட்டால் டேப் ரெஞ்ச் சுற்ற இடம் இருக்கிறது.

லேத்பட்டறை_கோவை | நவம்பர் 11, இரவு 9.00

கழற்றுங்கள். இரண்டு காரணம். வார்ப்பிரும்பு சுருளாக வெட்டுப்படாது, மாவு மாதிரி உதிரும். அந்த மாவு பம்ப் சீலின் முகத்தில் போய் உட்கார்ந்தால் உப்புத்தாள் வேலை செய்யும். இப்போது கசியாத சீல் பொங்கலுக்குள் கசியும். இன்னொன்று, ஓட்டைக்கு நேராக ட்ரில் இறங்க வேண்டும். 15.9 ஓட்டையில் 16.5 ட்ரில் பிட் விட்டால் பக்கத்துக்கு 0.3தான் வெட்டும். கையில் பிடித்த ட்ரில் அதில் கவ்விக்கொண்டு ஆட்டும், ஓட்டை முக்கோணமாகும். பம்ப்பை மேசையில் கிளாம்ப் செய்து ஓட்டையைச் சீராகப் பெரிதாக்கும் போரிங் பார் அல்லது ரீமர் விட வேண்டும்.

அதே அமைப்பில், பம்ப்பை அசைக்காமல், புடைப்பின் முகத்தையும் ஒரு சீவு சீவச் சொல்லுங்கள். மரைக்கு முகம் சதுரமாக இல்லையென்றால் வாஷர் ஒரு பக்கம் மட்டும்தான் உட்காரும்.

மதுரை1100 | நவம்பர் 11, இரவு 9.25

மரை போடும்போது மண்ணெண்ணெய் விட வேண்டும்தானே?

லேத்பட்டறை_கோவை | நவம்பர் 11, இரவு 9.40

அலுமினியத்துக்கு விடுங்கள். வார்ப்பிரும்புக்கு நான் ஒன்றும் விடுவதில்லை. அதிலேயே கிராஃபைட் இருக்கிறது, தானே வழுக்கும். எண்ணெய் விட்டால் மாவு பசையாகி டேப் பல்லில் அடைத்துக்கொள்ளும். எங்கள் பட்டறையிலேயே இதில் இரண்டு கட்சி உண்டு. என் கட்சி வறட்சிக் கட்சி.

யாழ்_ஏ40 | நவம்பர் 12, காலை 6.10

வணக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கட வீட்டில ஒரு ஒஸ்ரின் ஏ40 நிக்குது. சண்டைக் காலத்தில பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில ஓடின கார். ஸ்ராட் பண்ண மட்டும் சோடாப் போத்தலில கொஞ்சம் பெற்றோல் வைச்சிருப்பம். மதுரை ஐயா மண்ணெண்ணெய் எண்டவுடன அந்த மணம் ஞாபகம் வந்திட்டுது.

ஒரு விஷயம் சொல்லவேணும். பம்ப் உறிஞ்சிற பக்கத்தில இருக்கிற இணைப்பு, என்ஜின் வேகமாக ஓடேக்க வெளியில கசியாது. அழுத்தம் குறைந்த றேடியேற்றர் மூடி போட்ட பழைய வண்டிகளில் அந்த இடத்தில காத்தைக்கூட உள்ள இழுக்கும். தண்ணி குறையாது, ஆனால் றேடியேற்றருக்குள்ள நுரை நுரையாக வரும். நிப்பாட்டின பிறகுதான் சொட்டும். அதால மாட்டிப்போட்டு என்ஜினை ஓட்டிப் பாத்து ‘கசிவில்லை’ எண்டு நினைக்காதேங்கோ. நிப்பாட்டி, சூடாக இருக்கேக்க, பத்து நிமிஷம் கழிச்சுப் பாருங்கோ.

கோத்தகிரிஜீப் | நவம்பர் 12, காலை 7.00

இது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி அண்ணே.

கோத்தகிரிஜீப் | நவம்பர் 20, இரவு 10.15

வேலை முடிந்தது, ஏறக்குறைய. விவரமாகவே எழுதுகிறேன்.

பம்ப்பைக் கழற்றி மேட்டுப்பாளையத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒரு சின்ன லேத் பட்டறை. பெரியவர் ஒருவர், பேச்சே இல்லை. கோவை ஐயா எழுதியதைப் போனில் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார், ‘ம்’ என்றார், போனைத் திருப்பிக் கொடுத்தார்.

முதலில் கிரீஸ் தடவிய துணியைக் கம்பியில் கட்டி, ஓட்டைக்கு உட்பக்கம், தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் பக்கமிருந்து அடைத்தார். கம்பி நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மறந்து உள்ளேயே விட்டுவிடக் கூடாதாம். பம்ப்பை மேசையில் கட்டி, போரிங் பாரில் 16.5. இரண்டாவது சீவலில்தான் முழுவட்டமாகப் பளபளப்பு வந்தது. முதல் சீவலில் ஒரு ஓரத்தில் துருக்குழி கறுப்பாகத் தெரிந்தது. புதுக் குழாயை ஒட்டியிருந்தால் அந்த வழியாகத்தான் கசிந்திருக்கும்.

அப்புறம் முகம் சீவினார். டேப் செட்டில் மூன்று. முதல் டேப்பை இயந்திரத்தின் ஸ்பிண்டில் முனையால் தலையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கையால் ரெஞ்ச் சுற்றினார். அரைச் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே. நறநறவென்ற சத்தம் எனக்குப் பல்லைக் கூசியது. கறுப்பு மாவு ஓட்டை வாயில் மூக்குப்பொடி மாதிரி குவிந்தது. ஊதப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். ‘கண்ணுல போகும்.’ அன்றைக்கு அவர் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான். காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்தார்.

நிப்பிள் பித்தளைக் கம்பியில் கடைந்தது. ஒரு பக்கம் எம்18, நடுவில் 24 மி.மீ. காலர், அதில் ஸ்பானர் பிடிக்க இரண்டு தட்டை, மறுபக்கம் ஐந்தெட்டு ஹோஸுக்கு வரிவரியாக. உள்ளே 12 மி.மீ. ஓட்டை. மரை நீளம் 12தான், ரொம்ப நீளமானால் இம்பெல்லர் பக்கம் நீட்டும் என்று அளந்து நிறுத்தினார். நிப்பிளுக்கு 450 ரூபாய். மரைக்குக் காசு வாங்கவில்லை.

இப்போது ‘ஏறக்குறைய’வுக்கு வருகிறேன். மாட்டி, தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் ஓட்டினேன். ஒரு சொட்டு இல்லை. யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னபடி நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஏழாவது நிமிடம் காலருக்குக் கீழே ஒரு முத்து. துடைத்தேன், மறுபடி ஒன்று.

லேத்பட்டறை_கோவை | நவம்பர் 21, காலை 6.20

வாஷர் எங்கிருந்து வந்தது?

கோத்தகிரிஜீப் | நவம்பர் 21, காலை 6.50

என் டப்பாவில் இருந்த பழையது. அளவு சரியாக இருந்ததே என்று போட்டேன்.

லேத்பட்டறை_கோவை | நவம்பர் 21, காலை 7.05

அதானே பார்த்தேன். ஒரு தடவை நசுங்கிய செம்பு கெட்டியாகிவிடும், மறுபடி இளகாது. கேஸ் அடுப்பில் வைத்து மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சி, தண்ணீரில் போடுங்கள். இரும்பு மாதிரி கெட்டியாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், செம்பு அப்படி இல்லை, மெத்தென்றாகும். உப்புத்தாளில் இரண்டு முகமும் தேய்த்து மாட்டுங்கள். ஸ்பானருக்குப் பைப் சொருகாதீர்கள்.

கோத்தகிரிஜீப் | நவம்பர் 23, இரவு 8.00

காய்ச்சிப் போட்டேன். இரண்டு நாள், நாலு தடவை சூடாக்கி நிறுத்திப் பார்த்தேன். முத்து இல்லை.

ஆனால் ஹீட்டரில் காற்று வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. குழந்தையைக் குளிப்பாட்டலாம், கண்ணாடிப் பனி போகாது. இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் ஓடுகிறது. பம்ப் ஓட்டை சின்னதாகிவிட்டதோ?

மதுரை1100 | நவம்பர் 23, இரவு 8.20

12 மி.மீ. ஓட்டை தாராளம். தெர்மோஸ்டாட் இருக்கிறதா? தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகிற வழியை அடைத்து வைக்கும் வால்வு.

கோத்தகிரிஜீப் | நவம்பர் 23, இரவு 8.45

திறந்து பார்த்தேன். இல்லை. இருந்த இடம் சுத்தமாகக் காலி.

மதுரை1100 | நவம்பர் 23, இரவு 9.00

நம் ஊரில் வண்டி ஒரு தடவை கொதித்தால் மெக்கானிக் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். கீழே மதுரை வெயிலில் அதனால் வரும் நஷ்டம் உடனே தெரியாது. உங்கள் ஊரில் டிசம்பரில் ரேடியேட்டர் எல்லாச் சூட்டையும் காற்றில் விட்டுவிடும், என்ஜின் 60 டிகிரியைத் தாண்டாது. ஹீட்டருக்கு என்ன மிச்சம்? 82 டிகிரியில் திறப்பது ஒன்று வாங்கிப் போடுங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் போயிருந்தால் தெர்மோஸ்டாட்டுக்கும் கொதிநிலைக்கும் நடுவில் பெரிய இடைவெளி இல்லை. 7 பவுண்டு அழுத்த மூடி நன்றாகப் பிடித்தால் இன்னும் பன்னிரண்டு பதிமூன்று டிகிரி கையில் இருக்கும்.

யாழ்_ஏ40 | நவம்பர் 24, காலை 5.50

தெர்மோஸ்டாட்டைப் போட முதல் சட்டியில தண்ணி வைச்சு, அதுக்குள்ள தொங்கவிட்டுத் திறக்குதோ எண்டு பாருங்கோ. புதுசு எண்டு நம்பாதேங்கோ.

கோத்தகிரிஜீப் | டிசம்பர் 6, காலை 7.40

தெர்மோஸ்டாட் கோவையில் கிடைத்தது. சமையலறையில் சோதித்தேன். ரசம் வைக்கிற பாத்திரம் என்று தெரியாமல் எடுத்துவிட்டேன், அது தனிக் கதை. மூடியும் புதுசு.

இன்றைக்குக் காலை புல்லெல்லாம் வெள்ளை. வண்டியை எடுத்து பஜார் வரைக்கும் பழைய துணியோடுதான் போனேன். திரும்பி வரும்போது ஹீட்டர் விசிறியைப் போட்டேன். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் உள்ளங்கை அளவு தெளிவு வந்தது. வீட்டு வளைவுக்கு வருவதற்குள் பாதி கண்ணாடி. டிரைவர் பக்கம் இல்லை, பக்கத்து சீட் பக்கம். ஹீட்டர் பெட்டி இடதுகை ஓட்டுநர் வண்டியிலிருந்து கழற்றியது போலிருக்கிறது.

புதுப்பேட்டைவாசி | டிசம்பர் 6, காலை 8.15

அப்போதே கேட்டிருந்தால் வலதுகைப் பெட்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்திருப்பேன் சார். காற்று போகிற குழாய் ஒரு மீட்டர் அனுப்பட்டுமா? உள் விட்டம் மட்டும் அளந்து சொல்லுங்கள்.

லேத்பட்டறை_கோவை | டிசம்பர் 6, காலை 8.20

நாலு இடத்தில் அளக்கவும்.